உடைந்த கரித்தண்டில் உருகிய பவுன்

மகன்,

பாப்பரசர் ரொறன்ரோவுக்கு வந்தாரே, அந்த வருஷம். ஊரில் சண்டை நின்று, கண்டி வீதி திறந்து, எத்தனையோ காலமாய்ப் போகாதவர்கள் எல்லாரும் பெட்டி கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போன வருஷம். பிரேசில் உலகக் கிண்ணத்தைத் தூக்க, எங்கள் மொன்றியல் பார்க்-எக்ஸ்டென்ஷன் தெருக்களில் மஞ்சள் கொடி கட்டிய கார்கள் பொழுதுபட்டும் ஹோர்ன் அடித்துத் திரிந்த வருஷம். அது எத்தனையாம் ஆண்டு என்று நீ உடனே சொல்லுவாய். எனக்கு இலக்கம் நிற்காது, நடந்தது நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு உள்ளே நான் இருந்த காலத்தை விட அதன் மதிலில் இருந்த காலம் கூட. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுகிறாள். என் கதையை நிமிர்த்தி எழுத்துத் தமிழாக்குவது அவள் பொறுப்பு. கெட்ட வார்த்தை வந்தால் விட்டுவிடுவாளாம். பார்ப்போம்.

அடுத்த மாதம் நீ மனைவி பிள்ளைகளோடு வான்கூவருக்குக் குடிபோகிறாய். நல்ல வேலை, நல்ல குளிர் குறைந்த ஊர், போ. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல வரவில்லை. போன ஞாயிறு உன் மூத்தவள் கல்யாண அல்பத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, தாலிக்குப் பொன் உருக்கிய பொன்னுருக்குப் படத்தில் வெள்ளிக் கோட்டும் தொப்பியுமாய் நிற்கிற என்னைத் தொட்டு, "அப்பப்பா, நீங்கள் சந்திரனுக்குப் போய் வந்தனீங்களோ?" என்று கேட்டாளே. நீ சோபாவில் இருந்தபடி, "இல்லை பிள்ளை, அப்பப்பாவுக்கு என்ரை கலியாணத்தை விட உலைதான் பெரிசு" என்றாய். எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ஆனால் நீ சிரித்ததில் ஒரு சின்ன முள் இருந்தது, அது ஏழு வருஷமாய் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை எடுத்துவிட்டுத்தான் உன்னை விமானம் ஏற்ற வேண்டும். எடுப்பதற்கு நீ போகமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கிழக்கே விட்டு, ஆற்றோரம் ஒன்றரை மணித்தியாலம் ஓடி, ஒரு மனிதரைப் பார்த்து வர வேண்டும். அவருக்கு இருதயத்தில் கம்பி வைத்திருக்கிறார்கள். நீ அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற ஆள் அல்ல. யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஏன் என்பது நீளமான கதை.

முதலில் நான் செய்த வேலை. அதை நீ ஒருநாளும் ஒருவருக்கும் சரியாகச் சொன்னதில்லை. ஒருவரிடம் இரும்பு என்பாய், இன்னொருவரிடம் அலுமினியம் என்பாய். அது சிலிக்கன். உன் அம்மா அதைவிட மோசம். அது கணினிக்கும் போகும் என்று இஞ்சினியர் சொன்னதை நான் வீட்டில் சொல்ல, அவள் கோயிலில் சொல்ல, பாதிச் சனம் நான் கம்பியூட்டர் செய்கிறேன் என்று நம்பிவிட்டது. ஒருவர் தன் பழுதான கம்பியூட்டரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, "அவசரமில்லை அண்ணை, ஆறுதலாப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்வது இப்படித்தான். லொறி லொறியாய் வெள்ளைக் கல் வரும், கோயில் முற்றத்தில் பரப்பலாம் போல அவ்வளவு வெள்ளை. அதோடு மரக்கரி, நிலக்கரி, மரச்சீவல். எல்லாவற்றையும் கலந்து உலையின் வாயில் கொட்டுவார்கள். மரச்சீவல் எதற்கென்றால், புட்டுக்குத் தேங்காய்ப்பூ போடுகிற மாதிரி. இடையில் இடம் விட்டால்தான் ஆவி ஏறும், இறுகிவிட்டால் எங்காவது வெடித்துக்கொண்டு கிளம்பும். மேலே இருந்து மூன்று கரித்தண்டுகள், பனைமரத்தை விடப் பருத்தவை, அந்தக் குவியலுக்குள் இறங்கி நிற்கும். வடக்கே ஆறுகளை மறித்து எடுக்கிற மின்சாரம் அவற்றின் வழியாகத்தான் உள்ளே பாயும். இரும்பு உருகுகிற சூடெல்லாம் அந்தச் சூட்டுக்கு முன்னால் தேத்தண்ணீர்ச் சூடு. அங்கே கல்லுக்குள் இருக்கிற ஒட்சிசனைக் கரி பிடுங்கிக்கொண்டு மேலே போய்விடும், மிச்சம் அடியில் உலோகமாய்த் தேங்கும். புகையோடு பறக்கிற வெள்ளைத் தூளைக்கூட விடமாட்டார்கள். துணிப் பைகளில் வடித்துச் சீமெந்துக்காரருக்கு விற்பார்கள்.

என் இடம் உலையின் அடிப்பக்கம். அங்கே ஒரு துவாரம். அதைத் திறந்து உலோகத்தைப் பெரிய தொட்டிக்குள் விட்டு, பிறகு மூடுவது என் வேலை. இரும்புக் கம்பியால் குத்தினால் இரும்பு கரைந்து உலோகத்தைக் கெடுத்துவிடும், அதனால் மரக்கம்பு. என்னைப்போல இரண்டு ஆள் நீளமான கம்பு. உள்ளே விட விட நுனி எரிந்துகொண்டே போகும், நீ குத்திக்கொண்டே நிற்க வேண்டும், தாங்க முடியாமல் போனதும் மற்றவனிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். தொட்டியில் விழுந்ததற்கு அடியிலிருந்து ஒட்சிசன் ஊதி அழுக்கைப் பிரித்து, அச்சில் ஊற்றி ஆறவிட்டால், சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒரு கட்டி. சுத்தியலால் தட்டினால் கண்ணாடி மாதிரிச் சிதறும். அதை நொறுக்கிப் பெரிய பைகளில் கட்டி மொன்றியல் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். நீ ஓடுகிற காரின் சில்லுக்குள் அலுமினியத்தோடு கலந்து அதுதான் இருக்கிறது.

நான் அங்கே சேர்ந்த முதல் கிழமை, என்ன பக்தியான மனிதர்கள் என்று நினைத்தேன். விரலில் சுத்தியல் பட்டால் நற்கருணைப் பேழையைக் கூப்பிடுகிறார்கள், கம்பு முறிந்தால் பூசைக் கிண்ணத்தைக் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பெருமையாய்ச் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, கியூபெக்கில் கெட்ட வார்த்தை எல்லாமே கோயில் சாமான்கள்தான் என்று. அதற்குள் அவள் எங்கள் கோயில் பாதரிடம் சொல்லிவிட்டாள். பாதர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம்.

அதே கிழமைதான் துவக்குச் சம்பவமும். துவாரம் இறுகி அடைத்துக்கொண்டால் கம்பு போதாது. தள்ளுவண்டியில் ஒரு துவக்கு வைத்திருப்பார்கள், உண்மையான துவக்கு, அதால் சுட்டு உடைப்பார்கள். எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் வெடி கேட்டதும் நான் ஊரில் செய்கிற மாதிரி அப்படியே நிலத்தில் விழுந்து தலையைப் பொத்திக்கொண்டேன். எழும்பிப் பார்த்தால் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. பெரிய மீசை வைத்த வெள்ளைக்காரன், என்னோடு மாறிமாறிக் கம்பு பிடிக்கிறவன். நான் அவனை மீசை என்றுதான் வீட்டில் சொல்லுவேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த நாள் சுடமுன் இரும்பு வேலித்தண்டில் கம்பால் இரண்டு தரம் தட்டினான். டக், டக். என்னைப் பார்த்தான். பிறகு சுட்டான். அன்றைக்குப் பிறகு அவன் தட்டாமல் சுட்டதே இல்லை.

ஆனால் நாங்கள் நண்பர்கள் அல்ல, அதைச் சொல்ல வேண்டும். ஒரு மாரிகாலம் உன் அம்மா கட்டித்தந்த கருவாட்டுக் குழம்பை நான் சாப்பாட்டு அறையில் சூடாக்கினேன். மீசை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே பனிக்குவியலில் வைத்தான். நான் அவனுடைய கோப்பிக் கோப்பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம். ஒரே துவாரத்தின் முன்னால், ஒரே கம்பை, கைக்குக் கை மாற்றிக்கொண்டு, ஒரு சொல் இல்லாமல். எங்கள் மேற்பார்வையாளர் ரெஜான், நல்ல மனிதர், நடுவில் நின்று "அவனிடம் சொல்லு", "இவனிடம் சொல்லு" என்று தூது சொல்லியே களைத்துப்போனார். அந்த இரண்டு வருஷத்திலும் சுடமுன் டக் டக் மட்டும் தவறவில்லை. எனக்கு அது கோபத்தை இன்னும் கூட்டியது. பேசாத மனிதன் ஏன் தட்டுகிறான்?

இனி உன் பொன்னுருக்கு. மண்டபம் கிடைத்தது ஆடி மாதத்தில். உன் அம்மா மூக்கால் அழுதாள். பாதர், "நாங்கள் கத்தோலிக்கர், ஆடியும் ஆவணியும் ஆண்டவருடைய மாதந்தான்" என்று சொல்லிவிட்டார். அவள் நல்ல பிள்ளையாய்த் தலையாட்டிவிட்டு வந்து, கீழ்வீட்டு லட்சுமியக்காவிடம் பஞ்சாங்கம் பார்த்துப் புதன்கிழமை மாலை ஆறிலிருந்து ஆறரை என்று நேரம் எடுத்துக்கொண்டாள். ஆடியில் கல்யாணம் வைக்கிற குற்றத்தை அந்த அரை மணித்தியாலம் கழுவிவிடும் என்பது அவள் கணக்கு. தாலி செய்கிற பத்தரையும் ரொறன்ரோவிலிருந்து ஒழுங்கு பண்ணியாயிற்று. ஊரெல்லாம் பாப்பரசரைப் பார்க்க மொன்றியலில் இருந்து ரொறன்ரோ போக, அந்த மனிதர் மட்டும் எதிர்ப்பக்கமாய் பஸ் ஏறி வந்தார். அன்றிரவே திரும்பவும் வேண்டும். உருக்க வேண்டிய பவுன், உன் அம்மாவின் சீதனத்தில் மிஞ்சியிருந்த கடைசிப் பவுன் நாணயம், என்னிடம் இருந்தது. வீடு நிறையச் சனம் என்று நான் அதைப் பத்திரமாய் என் சாப்பாட்டுப் பெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தேன். புதன் காலை அந்தப் பெட்டியோடு வேலைக்குப் போய்விட்டேன். பரவாயில்லை, மூன்று மணிக்கு முடிந்தால் ஐந்துக்கு வீடு.

திருத்த வேலைக்காக உலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்று காலை மறுபடி மின்சாரம் ஏற்றினார்கள். ஆறிப்போன கரித்தண்டுக்குத் திடீர்ச் சூடு ஆகாது. மூன்றில் ஒன்று உள்ளே முறிந்தது. அடியில் சூடு விழுந்தது, என் துவாரம் உறைந்து கல்லாய்ப் போயிற்று. பிறகு மற்ற இரண்டு தண்டும் வேலை செய்ய, உள்ளே உலோகம் சேரத் தொடங்கியது, வெளியே வர வழியில்லை. வழி கொடுக்காவிட்டால் அது தானே வழி தேடும். சுவரைத் தின்றுகொண்டு வரும், முன்னால் நிற்கிறவனைக் கேட்டுக்கொண்டு வராது. மூன்று மணிக்கு மாற்று ஆட்கள் வந்தார்கள், ஆனால் துவாரத்துக்கு ஆள் இல்லை. ஆடிக் கடைசி, கியூபெக் முழுக்கக் கட்டிடக்காரர் விடுமுறை, எல்லாரும் ஏதோ ஒரு ஏரிக்கரையில் இறைச்சி சுட்டுக்கொண்டு இருக்கிறார்கள். கம்பு பிடிக்கத் தெரிந்தது நானும் மீசையும் மட்டும். ஒருவன் தனியாக நின்றால் வெந்துபோவான். ரெஜான் என்னிடம் போகாதே என்று சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். நான் தொலைபேசியை எடுத்தேன்.

"எங்கை நிக்கிறியள்?" என்றாள் உன் அம்மா.

"உலையிலை."

"பவுன் எங்கை?"

"அதுவும் உலையிலை."

"ஐயோ, உருக்கிப் போட்டியளோ?"

"இல்லையப்பா, சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளை. நான் வரேலாது. இஞ்சை அடைச்சுப் போச்சு."

"உங்களுக்கு எப்ப பாத்தாலும் எங்கையாவது அடைச்சிருக்கும்" என்றாள். பிறகு மூச்சு விட்டாள். "சரி. நீங்கள் அங்கையே நில்லுங்கோ. நாங்கள் வாறம்."

இதிலிருந்து உனக்குத் தெரியும். வானை நீதான் ஓட்டி வந்தாய். முன் சீற்றில் பத்தர் மடியில் பையோடு, பின்னால் உன் அம்மா பட்டுச்சேலையும் குத்துவிளக்குமாய். காவலாளிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் ரெஜான் கார்த் தரிப்பிடத்தில் ஒரு மூலையைக் காட்டினார். நான் பெட்டியைக் கொடுக்க ஓடிவந்தபோது நீ வானில் சாய்ந்தபடி, "அப்பா, கலியாணம் எனக்கோ, உங்கடை உலைக்கோ?" என்றாய். பத்தர் பையைத் திறந்தார். பொன் உருக்குகிற மூசை, அந்த மண் கிண்ணம், துண்டு துண்டாய்க் கிடந்தது. மொன்றியல் தெருக்குழிகள் அதைப் பார்த்துக்கொண்டன. "மூசையில்லாமல் நான் என்னத்தை உள்ளங்கையிலை வைச்சோ உருக்கிறது?" என்றார் பத்தர். ஆறு மணி தாண்டிவிட்டது. உன் அம்மா அழத் தொடங்கினாள். என் முறை வந்துவிட்டது, நான் உள்ளே ஓட வேண்டியிருந்தது. நீ அப்போது என் முதுகைத்தான் பார்த்தாய். அதற்குப் பிறகு உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் கம்பை வாங்கிக் குத்தத் தொடங்கினேன். பின்னால் ரெஜான் மீசையிடம் ஏதோ சொல்வது கேட்டது, கையால் சின்னக் கிண்ணம் காட்டினார். தண்ணீர் குடிக்க வேண்டிய மனிதன், தண்ணீரைத் தொடாமல் முற்றத்துக்குப் போனான். அங்கே முன்பு எப்போதோ முறிந்த கரித்தண்டின் துண்டுகள் கிடக்கும். தேங்காயளவு துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, நிலத்தில் இருந்து, உளியால் நடுவைத் தோண்டினான். என் முறை முடியும் நேரம் எழும்பி வந்து, துண்டை என் நெஞ்சில் வைத்து அழுத்திவிட்டு, கம்பை என் கையிலிருந்து வாங்கி, "வா-ஸி" என்றார். போ என்று அர்த்தம். தங்கச்சி, இனி இவரை அவர் என்றே எழுது. இரண்டு வருஷத்தில் முதல் சொல். என் முறையையும் தன் முறையையும் சேர்த்து நிற்கப் போகிறார் என்று எனக்கு விளங்கியது. என் வாயில் பிரெஞ்சு வரவில்லை. "போயிட்டு வாறன்" என்றேன்.

பத்தர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணை, உதை எங்கை பிடிச்சனியள்? உப்பிடி ஒரு மூசை நான் கண்டதேயில்லை. உதுக்குள்ளை சூரியனையும் உருக்கலாம்." பவுனை வைத்தார், வாயு விளக்கைக் கொளுத்தினார். ஆற்றுக் காற்று அணைத்தது. உன் அம்மா முந்தானையை விரித்து ஒரு பக்கம் மறைத்தாள், ரெஜான் தன் தொப்பியைக் கழற்றி மறுபக்கம் பிடித்தார், நீகூட வந்து நின்றாய். பவுனில் இருந்த ராசாவின் தலை சாய்ந்தது, கரைந்தது, ஒரு சொட்டாய்த் திரண்டு குழிக்குள் உருண்டது. அப்போதுதான் உள்ளே இருந்து கேட்டது. டக், டக்.

நான் உங்கள் எல்லாரையும் பார்த்து, "பயப்பிடாதேங்கோ, வெடி வரப்போகுது" என்றேன். வந்தது. பத்தர் துள்ளினார், அம்மா சிலுவை போட்டாள், நான் நிமிர்ந்து நின்றேன். யோசித்துப் பார், மகன். நான் உள்ளே இல்லை. தட்ட வேண்டிய தேவையே இல்லை. அந்தச் சூட்டில், இரண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்துகொண்டு, வெளியே நிற்கிற எனக்காகக் கம்பைத் திருப்பி வேலியில் தட்டியிருக்கிறார். உடனே துவாரம் திறந்தது. பெரிய கதவுகளின் வழியாக அந்த வெளிச்சம் வந்து, வானின் மீதும், சேலையின் மீதும், உன் முகத்தின் மீதும் விழுந்தது. உன் அம்மா பதினொரு வருஷம் என் உடுப்பைத் தோய்த்தவள், அந்த இடத்தைப் பார்த்ததில்லை. "உதுக்கு முன்னாலையோ நீங்கள் ஒவ்வொரு நாளும் நிக்கிறனீங்கள்?" என்றாள். அந்த நேரம் நீ எடுத்த படந்தான் அல்பத்தில் இருப்பது. சூட்டுக்குப் போடுகிற வெள்ளிக் கோட்டோடு நான் சந்திரனுக்குப் போன மாதிரி நிற்பது அதனால்தான். நேரம் ஆறரைக்குக் கொஞ்சம் உள்ளே.

கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டேன். அந்தச் சனிக்கிழமை எனக்கு வேலை நாள். விடுமுறைக் காலம், மாற்றுக்கு ஆள் இல்லை. அவர் சிரித்துக்கொண்டு, நீ போ, நான் நிற்கிறேன் என்றார். அதுதான் எந்தப் படத்திலும் அவர் இல்லை. திங்கட்கிழமை உன் அம்மா பலகாரத் தட்டு கட்டித்தந்தாள். அவர் அதை ஒருபக்கம் தள்ளிவிட்டு, என் பெட்டியைக் காட்டினார். கருவாட்டுக் குழம்பு. ஒரு கரண்டி எடுத்தார், மீசை நனைந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, கோயில் சாமான் ஒன்றைக் கூப்பிட்டார். (தங்கச்சி விட்டுவிட்டாள்.) பிறகு இன்னொரு கரண்டி எடுத்தார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் பொன்ஜூர் இல்லை, அன்று என் வாயில் கேட்ட "வாறன்" தான். காலையிலும் வாறன், போகும்போதும் வாறன். இப்போதும் நத்தார்ப் பெருநாளுக்குத் தொலைபேசி எடுத்தால் முதல் சொல் அதுதான். இரண்டாவது கேள்வி, "தாலி எப்படி இருக்கிறது?" அவர் அதை இதுவரை பார்த்ததில்லை. அந்தக் கரித்துண்டை உன் அம்மா மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுதிரி கொளுத்துகிறாள். நீ அதை ஏதோ அலங்காரச் சாமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

புத்திமதி சொல்லாமல் ஒரு தகப்பன் கடிதம் முடிக்கக் கூடாதாம், உன் அம்மா அறைக்குள் இருந்து சத்தம் போடுகிறாள். சரி. புது ஊரில் உன்னோடு பேசாத ஒருவன் வருவான், எங்கும் வருவான். அவன் வாயைப் பார்க்காதே, கையைப் பார். எனக்கு அது விளங்க இரண்டு வருஷம் போயிற்று. நீ கெட்டிக்காரன், உனக்கு ஆறு மாதம் போதும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் புறப்படு. மருமகளைத் தாலி போட்டுக்கொண்டு வரச் சொல்லு, பிள்ளைகளையும் ஏற்று. குழம்பு அம்மா கட்டித்தருவாள், கார் மணக்கும், யன்னலைத் திறந்துவிடு. ஆற்றங்கரையில் பச்சைக் கூரை வீடு, வாசலில் மணி இருக்கும். மணியை அடிக்காதே. கதவில் இரண்டு தரம் தட்டு, அவருக்கு விளங்கும். அன்று அந்தத் தளத்தில் நின்றவர்களில் ரெஜான் போன மாரியில் பனிக்கட்டியில் குழி தோண்டி மீன் பிடித்துக்கொண்டிருந்தபடியே போய்ச்சேர்ந்தார், கையில் தூண்டில் இருந்ததாம், சந்தோஷமான சாவு. மேலே பாரந்தூக்கி ஓட்டிய ஷிஸ்லேன் அதற்கு முன்னமே போய்விட்டாள். தரிப்பிடத்தில் நம்மோடு நின்ற பத்தரையும் தையில் ரொறன்ரோவில் அடக்கம் செய்தார்கள். என்னை விட்டால் அன்று அந்தத் துவாரத்துக்கு முன்னால் நின்றவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். மீசை நரைத்துவிட்டது. அவர் பெயர் கேத்தான்.